அச்சமும் மருட்கையும்: வத்தலக்குண்டு முதல் மர்ம நாவல் வரை

தமிழ் நாவலின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலர், நாவல்களை இரண்டு கூறாகப் பிரித்து, ஒரு கூற்றை இலக்கியம் என ஏற்று, மற்றொன்றைப் பொழுதுபோக்கு என ஒதுக்கியுள்ளனர். முன்னதில் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’, ‘கமலாம்பாள் சரித்திரம்’, ‘பத்மாவதி சரித்திரம்’ ஆகியவை முதலிடம் பெற்றன. பின்னதில் துப்பறியும் கதைகளும் மர்ம நாவல்களும் தள்ளப்பட்டன. பல்கலைக்கழகப் பாடத்திட்டமும் இப்பிரிவினையையே நெடுங்காலம் பின்பற்றி வந்துள்ளது. ஆயினும், மக்கள் விரும்பிப் படித்த நாவல்களுள் மிகப் பல பின்னைக் கூற்றைச் சார்ந்தவை. ஒரு நூலைக் கீழே வைக்க மனமின்றிப் படிக்கச் செய்யும் ஆற்றல் யாது? அவ்வாற்றல் முற்கூறிய இலக்கிய நாவல்களில் இல்லையா? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்குத் திண்டுக்கல் வட்டாரத்தைக் களமாகக் கொள்கின்றோம். இதற்குக் காரணம் உண்டு. பழனிமலைத் தொடருக்கும் சிறுமலைக்கும் இடைப்பட்ட சமவெளியில், கொடைக்கானல் மலைக்குச் செல்லும் வழியில் அமைந்த ஊர் வத்தலக்குண்டு. இவ்வூர் தமிழ் உரைநடை இலக்கியத்திற்கு மூவரை அளித்தது. பி. ஆர். ராஜம் ஐயர், பி. எஸ். ராமையா, சி. சு. செல்லப்பா என்போர் அவர். முன்னவர் நாவலையும், நடுவணர் ‘மணிக்கொடி’ வாயிலாகச் சிறுகதையையும், பின்னவர் 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ வாயிலாகத் திறனாய்வையும் புதுக்கவிதையையும் வளர்த்தனர். இவர்களுள் ஒருவரும் மர்ம நாவலாசிரியர் அல்லர். எனினும் ராஜம் ஐயரின் நாவலையும் செல்லப்பாவின் ‘வாடிவாசலை’யும் கூர்ந்து நோக்கின், மர்ம நாவலின் உயிர்நிலை எது என்பது அவ்விரண்டிலும் தெளிவாகப் புலப்படும் என்பது எம் கருத்து.

1. மெய்ப்பாட்டியல் தரும் அளவுகோல்

‘சஸ்பென்ஸ்’ என இன்று பலரும் வழங்கும் மனநிலைக்கு நம் இலக்கணத்தில் பெயர் இல்லை என்று கருதுவோர் உளர். தனிப்பெயர் இல்லை என்பது உண்மையே. ஆனால் அம்மனநிலையின் கூறுகள் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் உள்ளன. எட்டு மெய்ப்பாடுகளுள் அச்சமும் மருட்கையும் இரண்டு. அச்சம் பிறக்கும் நிலைக்களங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு என்பார் தொல்காப்பியர். மருட்கை, அதாவது வியப்பு, புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கின்கண் தோன்றும்.

இந்நான்கு அச்ச நிலைக்களங்களையும் தமிழ் மர்ம நாவலின் பொருட்பரப்போடு ஒப்பிட்டால் வியப்பே தோன்றும். பேயும் தெய்வமும் பழிவாங்கும் கதைகள் அணங்கின்பாற்படும். திருட்டும் கொலையும் பற்றிய கதைகள் கள்வரின்பாற்படும். விலங்கின் சீற்றத்தை அடிப்படையாகக் கொண்டவை ஒருசில. காவல் நிலையம், நீதிமன்றம், செல்வாக்குடையோர் ஆகியோரிடம் தோன்றும் அச்சம் இறையின்பாற்படும். இவற்றுக்கு அப்பாற்பட்ட ஐந்தாவது நிலைக்களம் ஒன்றைத் தமிழ் மர்ம நாவலில் தேடிக் காண்டல் அரிது.

ஆனால் அச்சம் மட்டும் சுவையாகிவிடாது. உண்மையில் அஞ்சுவோன் படிப்பதை நிறுத்தி ஓடிவிடுவான். படிப்போனுக்கு இன்பம் பிறப்பது, அச்சம் பிறர் மேலதாய், வியப்பு தன் மேலதாய் அமையும்போதே. பாத்திரம் அஞ்சுகிறது, படிப்போன் அதன்பொருட்டுப் பதைக்கிறான், அடுத்து நிகழ்வது யாது என மருள்கிறான். இவ்விரு மெய்ப்பாடுகளும் கலந்த நிலையையே இக்கட்டுரையில் ‘பதைப்பு’ என்று குறிப்போம்.

2. ஒரே காலத்தில் தோன்றிய இரு வழிகள்

ராஜம் ஐயர் 1872இல் பிறந்தவர். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்றவர். தம் இருபத்தொன்றாம் அகவையில் ‘விவேக சிந்தாமணி’ என்னும் திங்களிதழில் ஒரு தொடர்கதை எழுதத் தொடங்கினார். 1893 முதல் 1895 வரை வெளிவந்த அத்தொடர் 1896இல் நூலாயிற்று. அதே ஆண்டில் சென்னையிலிருந்து வெளிவரத் தொடங்கிய ‘பிரபுத்த பாரதா’ என்னும் ஆங்கில இதழின் ஆசிரியப் பொறுப்பை அவர் ஏற்றார். 1898இல், இருபத்தாறாம் அகவையில் மறைந்தார்.

அவர் நாவலை நாம் ‘கமலாம்பாள் சரித்திரம்’ என்றே அறிவோம். ஆனால் ஆசிரியர் இட்ட பெயர் ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’ என்பது. இவ்விரட்டைப் பெயரில் முற்பகுதி கவனிக்கத்தக்கது. ‘ஆபத்து’, ‘அபவாதம்’ என்னும் இரு சொற்களும் படிப்போனை நோக்கி விடுக்கப்பட்ட எச்சரிக்கைகள். யாருக்கு ஆபத்து, யார்மேல் அபவாதம் என்னும் வினாக்கள் கதை தொடங்குமுன்னரே தோன்றிவிடுகின்றன. பிற்காலத்தார் முற்பகுதியை விட்டுப் பிற்பகுதியை மட்டும் வழங்கியபோது, நாவலின் ஒரு முகம் மறைந்தது எனலாம்.

இத்தொடர் வெளிவந்துகொண்டிருந்த 1894ஆம் ஆண்டிலேயே மற்றொரு நூலும் தமிழில் தோன்றியது. நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்துப் புகழ்பெற்ற ச. ம. நடேச சாஸ்திரியார், ‘தானவன்’ என்னும் போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த குற்றங்களைக் கதைகளாக வெளியிட்டார். தமிழில் துப்பறியும் கதையின் தொடக்கம் இதுவே என்பர். தானவன் என்னும் பெயர், அக்காலத்து ஆங்கிலத் துப்பறியும் கதைகளில் வரும் டிக் டோனவன் என்னும் பெயரை எதிரொலிப்பது வெளிப்படை.

உலக நிகழ்ச்சிகளோடு ஒப்பிட்டால் இக்காலத்தின் சிறப்பு மேலும் விளங்கும். ஷெர்லக் ஹோம்ஸ் முதன்முதல் தோன்றியது 1887இல். வங்காளத்தில் பிரியநாத் முகோபாத்யாயர் தம் ‘தாரோகார் தப்தர்’ வரிசையை 1892இல் தொடங்கினார். இந்தியில் தேவகி நந்தன் கத்ரியின் ‘சந்திரகாந்தா’ அதற்குச் சில ஆண்டுகள் முற்பட்டது. எனவே தமிழ் பின்தங்கி நின்றது என்று கூறுவதற்கு இடமில்லை. உலகெங்கும் அச்சும் இதழும் இருப்புப்பாதையும் பரவிய காலத்தில், படிப்போரின் பதைப்பைத் தூண்டும் கதையும் உடன் பரவிற்று. திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் சென்ற இருப்புப்பாதை 1875இல் திண்டுக்கல் வழியாகவே அமைந்தது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

ஆகவே 1893க்கும் 1895க்கும் இடையில் தமிழில் இரு வழிகள் ஒருங்கே தோன்றின. ஒன்று குற்றத்திலிருந்து தொடங்கிக் குற்றவாளியைத் தேடிச் செல்வது. மற்றொன்று மனிதரிடமிருந்து தொடங்கி, அவர்க்கு நேரும் இடுக்கணைத் தொடர்ந்து செல்வது. முன்னது தானவன் வழி. பின்னது கமலாம்பாள் வழி.

3. கமலாம்பாள் சரித்திரத்தில் பதைப்பின் அமைப்பு

நாவல் சிறுகுளம் என்னும் சிற்றூரில் நிகழ்கின்றது. முத்துஸ்வாமி ஐயரும் கமலாம்பாளும் இனிதே வாழ்கின்றனர். முற்பகுதியில் திருமணம், உறவினர் பூசல், ஊர்ப் பெண்டிர் கூடி வம்பளக்கும் நகைச்சுவை, ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்னும் தமிழ்ப் புலவரின் வேடிக்கை ஆகியன இடம்பெறுகின்றன. ஜல்லிக்கட்டு வருணனையும் உண்டு. பிற்பகுதியில் இடுக்கண்கள் அடுக்கி வருகின்றன. கள்வன் பேயாண்டித் தேவன் கதையில் நுழைகின்றான். குழந்தை நடராஜன் காணாமற் போகின்றான். பொருள் அழிகின்றது. கமலாம்பாள் மீது அபவாதம் எழுகின்றது. கணவர் மனம் வெறுத்துத் துறவை நாடுகின்றார். இறுதியில் பிரிந்தோர் கூடுகின்றனர்.

முற்பகுதி நடப்பியல், பிற்பகுதி தத்துவமும் தற்செயலும் கலந்தது. இரண்டும் பொருந்தவில்லை என்று திறனாய்வாளர் சிலர் குறைகூறுவர். இக்குறையில் ஓரளவு உண்மை உண்டு. எனினும், பதைப்பின் நோக்கில் பார்க்கும்போது இரு பகுதியும் ஓர் இழையால் கட்டுண்டிருத்தலைக் காணலாம். முற்பகுதியில் நம்மைச் சிரிக்க வைத்த வம்புப் பேச்சே, பிற்பகுதியில் ஒரு குடும்பத்தைக் குலைக்கும் அபவாதமாகின்றது. நாம் நகைத்த அதே நாவுகள்தாம் பின்னர் நஞ்சு கக்குகின்றன. மர்ம நாவலாசிரியர் பிற்காலத்தில் கைக்கொண்ட உத்தியும் இதுவே. முதற் பக்கங்களில் அற்பப் பொருளாகக் காட்டப்பட்டது, இறுதியில் பெருங்காரணமாக வெளிப்படும்.

இனி, கமலாம்பாள் மீது எழுந்த அபவாதம் பொய் என்பது படிப்போனுக்குத் தெரியும். அவளை இத்தனை பக்கங்கள் உடனிருந்து அறிந்தவன் அவன். அறியாதவர் அவள் கணவரே. எனவே ஈண்டுப் படிப்போனை ஈர்ப்பது அறியாமை அன்று, அறிவே. தான் அறிந்ததைப் பாத்திரத்திற்கு எடுத்துச் சொல்ல இயலாத நிலையே பதைப்பாகின்றது. திரைப்பட இயக்குநர் ஆல்பிரட் ஹிட்ச்காக், எதிர்பாராத அதிர்ச்சி வேறு, பதைப்பு வேறு என்று பிரித்துக் காட்டினார். மேசைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பது பார்ப்போனுக்குத் தெரிந்து, அமர்ந்திருப்போருக்குத் தெரியாதபோதே பதைப்புப் பிறக்கும் என்பது அவர் விளக்கம்.

இது நமக்குப் புதியதன்று. மதுரை மாநகரில் கோவலன் சிலம்பு விற்கச் சென்றபோது, பொற்கொல்லன் செய்த வஞ்சகத்தைச் சிலப்பதிகாரம் படிப்போர் அறிவர்; கோவலன் அறியான்; மன்னனும் அறியான். சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்னும் ஒரே சான்று, உயிர் போன பின்னரே வெளிப்படுகின்றது. கதையின் முடிவை நாடே அறியும். எனினும் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் நெஞ்சு பதைக்கின்றது. விடிய விடிய நிகழும் கூத்தைக் காண்போரும் முடிவை அறிந்தே வந்து அமர்கின்றனர். முடிவு தெரியாமை பதைப்பின் இன்றியமையாக் கூறு என்னும் பொதுக்கருத்து இதனால் தளர்கின்றது. ‘ஒருமுறை படித்தால் முடிந்தது’ என்று மர்ம நாவலை இகழ்வோர்க்கு இதுவே விடை. ஒருமுறையோடு முடிந்துபோவது விடுகதை மட்டும் உள்ள நாவலே. மனிதர் உள்ள நாவல் மறுமுறையும் பதைக்கச் செய்யும்.

4. தழுவல் காலமும் அதன் பின்னும்

20ஆம் நூற்றாண்டின் முதற் பகுதியில் தானவன் வழியே பெருவழியாயிற்று. ‘ஆனந்தபோதினி’ ஆசிரியராய் இருந்த ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் இக்காலத்துப் பெயர்பெற்ற மூவர். ஆங்கில நாவலாசிரியர் ரெயினால்ட்ஸின் கதைகள் இக்காலத் தழுவல்களுக்குப் பெரிதும் உதவின. ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனும் வடுவூராரின் திகம்பர சாமியாரும் வீட்டுப் பெயர்களாயினர். வடுவூராரின் ‘மேனகா’ 1935இலும், ‘திகம்பர சாமியார்’ 1950இலும் திரைப்படங்களாயின. இந்நாவல்களைப் படித்தோர் எத்தகையோர், எவ்வாறு படித்தனர் என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘நாவலும் வாசிப்பும்’ விரிவாக ஆராய்ந்துள்ளது.

தழுவல் என்னும் ஒரு காரணத்தால் இவற்றைத் தள்ளிவிடுதல் முறையாகாது. கதைப்பின்னல் வெளிநாட்டதாயினும், அதில் உலவும் மாமியாரும் மருமகளும், வக்கீலும் ஜமீன்தாரும், கும்பகோணமும் தஞ்சாவூரும் தமிழ்நாட்டனவே. அறிந்த தெருவில் அறியாத குற்றம் நிகழ்வதே படிப்போனுக்கு வியப்பூட்டிற்று. இலண்டன் மூடுபனியில் நிகழும் கொலையைவிடத் தன் ஊர் அக்கிரகாரத்தில் நிகழும் திருட்டே அவனை மிகுதியும் பதைக்கச் செய்தது. குறை எங்கு நேர்ந்தது எனின், நீதிபோதனை நெடும்பக்கங்களை விழுங்கிய இடங்களிலும், முன்னர் அறிமுகமாகாத ஒருவர் திடீரெனத் தோன்றி எல்லாவற்றையும் விளக்கிய இடங்களிலும் எனலாம்.

துப்பறியும் கதைக்கு நேர்மை வேண்டும் என்னும் கொள்கையை இங்கிலாந்தில் ரொனால்ட் நாக்ஸ் என்னும் பாதிரியார் 1929இல் பத்து விதிகளாக வகுத்தார். துப்பறிவோன் கண்ட தடயம் படிப்போனுக்கும் காட்டப்பட வேண்டும் என்பது அவற்றின் சாரம். இதனை விளக்கத் திண்டுக்கல்லின் கைத்தொழில் ஒன்றே போதும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு, கையால் செய்யப்படுவது. உள்ளிருக்கும் நெம்புகோல்களும் திறவுகோலும் ஒருங்கே, ஒன்றுக்கு ஒன்று பொருந்துமாறு அமைக்கப்படும். பூட்டைச் செய்துமுடித்த பின் திறவுகோலை வேறெங்கோ தேடுவதில்லை. நல்ல மர்ம நாவலும் அத்தகையதே. முடிச்சும் அவிழ்ப்பும் ஒரே கையால், ஒரே காலத்தில் அமைய வேண்டும். அவிழ்ப்பைப் பின்னர்க் கொணர்ந்து ஒட்டிய நாவல், உடைத்துத் திறந்த பூட்டையே ஒக்கும்.

நூற்றாண்டின் நடுப்பகுதியில் மர்ம நாவலின் மரபுகள் எத்துணை வேரூன்றின என்பதற்குத் தேவனின் ‘துப்பறியும் சாம்பு’ சான்றாகும். வங்கிக் குமாஸ்தாவான சாம்பு ஏதும் அறியாதவன். தற்செயலாக வெற்றி பெறுபவன். அவனைச் சுற்றியிருப்போர் அவனை மேதை எனப் போற்றுவர். உண்மை படிப்போனுக்கு மட்டுமே தெரியும். பதைப்புக்கு அடிப்படையான அறிவு வேறுபாடே இங்கு நகைக்கும் அடிப்படையாயிற்று. ஒரு வகை இலக்கியம் கேலிக்குரியதாகும் அளவு பரவிய பின்னரே அதன் கேலி சுவைக்கும். ‘கல்கண்டு’ ஆசிரியர் தமிழ்வாணன் படைத்த சங்கர்லால், தூய தமிழ் பேசித் துப்பறிந்து, மொழிப்பற்றையும் மர்மச் சுவையையும் ஒருங்கே ஊட்டினார். 1968இல் ‘குமுத’த்தில் வெளிவந்த ‘நைலான் கயிறு’ முதலாகச் சுஜாதா, சொற்சுருக்கத்தையும் அறிவியலையும் கொணர்ந்தார். அவருடைய ‘கொலையுதிர் காலம்’ அணங்கா, அறிவியலா என்னும் ஐயத்தை இறுதிவரை காத்தது. 1980களில் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா முதலியோரின் கையடக்க நாவல்கள் பேருந்து நிலையக் கடைகளிலெல்லாம் தொங்கின. 2024இல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன், சிற்றூர்த் தெய்வத்தின் அச்சத்தைத் தொலைக்காட்சித் தொடர் வரை கொண்டு சென்றார். தொல்காப்பியர் கூறிய அணங்கு, இருபது நூற்றாண்டுகள் கழிந்தும் தன் இடத்தை இழக்கவில்லை.

5. வாடிவாசல்: விலங்கும் இறையும்

மீண்டும் வத்தலக்குண்டுக்கு வருவோம். செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ அளவிற் சிறியது. கதை முழுதும் ஒரு பிற்பகலில், ஒரு திட்டிவாசலின் முன் நிகழ்கின்றது. பிச்சியின் தந்தை அம்புலியைக் குத்திக் கொன்ற காளை காரி. அது ஜமீன்தாருடையது. அதனை அணைந்து தந்தையின் குறையைத் தீர்க்கப் பிச்சி காத்து நிற்கின்றான். இதில் மறைக்கப்பட்ட குற்றவாளி எவரும் இலர். துப்பறிவோனும் இலன். ஆயினும் மர்ம நாவல் எதற்கும் குறையாத பதைப்பு இதில் உண்டு.

அதற்குக் காரணம் ஆசிரியர் காலத்தைக் கையாண்ட முறையே. காரி உடனே வருவதில்லை. வேறு காளைகள் வருகின்றன. கிழவர் ஒருவர் காரியின் பெருமையைக் கூறுகின்றார். கூட்டத்தின் பேச்சு வளர்கின்றது. ஒவ்வொரு தாமதமும் காரியைப் பெரிதாக்குகின்றது. அது வாசலில் தோன்றுமுன்னரே படிப்போன் அதனை அஞ்சக் கற்றுவிட்டான். திங்களிதழின் இடைவெளி கமலாம்பாள் சரித்திரத்திற்குச் செய்த தொண்டை, இங்கு ஆசிரியரே தம் நடையால் செய்துகொள்கின்றார்.

மேலும், அச்சம் இங்கு இரட்டித்து நிற்கின்றது. விலங்கு ஒன்று, அவ்விலங்கின் உடையவர் மற்றொன்று. காளை தோற்றால் ஜமீன்தாரின் மானம் போகும். காளை வென்றால் பிச்சியின் உயிர் போகும். எவ்வாறு முடியினும் ஒரு கேடு உறுதி. பிச்சி வென்ற பின் ஜமீன்தார் தம் காளையையே சுட்டு வீழ்த்தும் முடிவு, எதிர்பாராதது. ஆனால் நினைத்துப் பார்ப்பின் வேறு வகையில் முடிந்திருக்க இயலாதது. நல்ல மர்ம நாவலின் முடிவுக்கு இதனினும் ஏற்ற இலக்கணம் கூறல் அரிது. முடிவு வரும்வரை அதனை எண்ணாதிருக்க வேண்டும். வந்தபின் அதனையன்றி வேறொன்றை எண்ண இயலாதிருக்க வேண்டும்.

6. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. மர்ம நாவல் இன்பம் பயப்பதற்கு முதற் காரணம், யார் எதனை எப்போது அறிகின்றார் என்னும் அறிவுப் பங்கீடு. இரண்டாவது, இழக்க மனமில்லாத ஓர் உயிரோ ஒரு பெயரோ இடரில் நிற்றல். மூன்றாவது, முடிச்சும் அவிழ்ப்பும் ஒருங்கே அமைந்த நேர்மை. நான்காவது, படிப்போன் அறிந்த நிலமும் மாந்தரும். ஐந்தாவது, தாமதத்தை முறையறிந்து பயன்படுத்தல். இவ்வைந்தும் ‘கமலாம்பாள் சரித்திர’த்திலும் ‘வாடிவாச’லிலும் வெவ்வேறு அளவில் உள்ளன. தானவன் வழிவந்த நாவல்களில் இவற்றுள் மூன்றாவதே மிகுதியும் போற்றப்பட்டு, இரண்டாவது சிலபோது மறக்கப்பட்டது. புதிர் நன்கு அமைந்தும் மனத்தில் நிற்காத நாவல்கள் பல உண்மைக்குக் காரணம் இதுவே.

எனவே இலக்கிய நாவல், பொழுதுபோக்கு நாவல் என்னும் வேலி ஆராய்ச்சிக்கு உதவுவதன்று. சிட்டியும் சிவபாதசுந்தரமும் 1977இல் தமிழ் நாவலின் நூற்றாண்டு வரலாற்றை எழுதியபோது மர்ம நாவலாசிரியர்க்கும் இடமளித்தனர். 2008இல் தமிழ்ப் பரபரப்புக் கதைகளின் ஆங்கிலத் தொகுதி ஒன்று வெளிவந்து பிறமொழியாளர் கவனத்தை ஈர்த்தது. நம் துறைகளிலோ இத்துறை ஆய்வேடுகள் இன்றும் குறைவு. இதனினும் கவலைக்குரியது மூலநூல்களின் நிலை. மலிவுத் தாளில் அச்சிடப்பட்ட கையடக்க நாவல்கள் சில ஆண்டுகளில் பழுத்து உதிர்பவை. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பு 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நின்று பழைய நாவல்கள் பலவற்றைக் காத்து வருகின்றது. ஒரு தனி மனிதர் திரட்டியிராவிடில் அவை பழந்தாள் வணிகரின் தராசில் முடிந்திருக்கும்.

திண்டுக்கல் போன்ற நகரங்களில் வாடகை நூல்நிலையங்களும் வீட்டு அலமாரிகளும் வைத்திருந்தவற்றை, அவை அழியுமுன் ஊர்தோறும் திரட்டிப் பட்டியலிடுதல் முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க பணி. நூலின் பெயர், பதிப்பாண்டு, பதிப்பு எண், விலை, ஓரக் குறிப்புகள் ஆகியவற்றைப் பதிந்தாலே படிப்போரின் வரலாறு பாதி கிடைத்துவிடும். அப்பட்டியலோடு ‘ஆபத்துக்கிடமான அபவாதம்’ என்னும் தொடரையும் சேர்த்து வைத்து ஆராய வேண்டும். அப்போது தமிழ் நாவலின் இரு வழிகளும் ஓரிடத்திலிருந்தே பிரிந்தன என்பது மேலும் உறுதிப்படும்.